மணல் மூட்டை எஞ்சின்

எங்கள் காரின் எஞ்சின் செத்தபோது அதை ஓட்டிக்கொண்டிருந்தது அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவன் எல்லோரிடமும், "ஓடிக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு" என்றுதான் சொல்லி வருகிறான். ஓட்டியது யார் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது.

ஒரு மேட்டில் யாரோ அவனை முந்தப் பார்த்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்தது. கியரைக் குறைத்து, ஓங்கி மிதித்தான். உள்ளே ஒரு ராடு உடைந்து, எஞ்சினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

பழைய கார்தான். இரண்டே கதவு, சிவப்பு நிறம். அண்ணி அதற்குச் செவலை என்று பெயர் வைத்திருந்தாள். ஸ்பிரிங், டயர், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாற்றி, தெருவில் ஓட்டக்கூடிய பந்தயக் கார் மாதிரி அண்ணன் அதை ஆக்கியிருந்தான்.

நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், அடுத்த மேஜைக்காரர் எனக்குக் காது கேட்காது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார். ஆனால் வேலை முடிந்து ஏரிக்கரைச் சாலை வழியாகச் செவலையில் வீட்டுக்கு வரும்போது நான் வேறு ஆள். அங்கே வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றிலும் கார் நான் நினைத்த இடத்துக்குப் போகும். நினைத்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

புது எஞ்சின் பார்க்க நாங்கள் மூன்று பேரும் ரேடியோவின் பட்டறைக்குப் போனோம். ரேடியோ அண்ணனுடன் பள்ளியில் படித்தவர். அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர்.

"மூணு வழி இருக்கு மச்சான்," என்று ஆரம்பித்தார். "ஒண்ணு, பழசு மாதிரியே இன்னொண்ணு. போட்டா யாரும் உன்னைத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ரெண்டு, இந்த டர்போ. இதுவும் நாலு சிலிண்டர்தான், கனமும் பழைய அளவுதான், ஆனா இழுவை ஒண்ணரை மடங்கு. மூணாவது…"

மூன்றாவதைச் சொல்லவில்லை. மூலையில் கிடந்த தார்ப்பாயை உருவினார். விபத்தில் நசுங்கிய பெரிய கார் ஒன்றிலிருந்து எடுத்த எட்டு சிலிண்டர் எஞ்சின். அண்ணன் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் மெதுவாகத் தடவினான்.

"கல்யாணத்தன்னிக்கு என்னைக்கூட இப்படிப் பாக்கலை," என்றாள் அண்ணி.

"உனக்கு எட்டு சிலிண்டர் இல்லையேம்மா."

"சத்தத்துல ஒண்ணும் குறை வைக்கலையே தங்கச்சி," என்றார் ரேடியோ. அண்ணி முறைத்ததும் ஒரு ஸ்பானரைத் தேடுவதுபோல் நகர்ந்துகொண்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "குட்டி, உனக்கு?"

"எதுனாலும் சரி," என்றேன். எப்போதும் சொல்வதுதான்.

அன்று மாலை பாத்திரம் துடைக்கும்போது அண்ணியிடம் சொன்னேன். "எட்டு சிலிண்டர் போட்டா மூக்கு கனத்துடும் அண்ணி. அப்புறம் வண்டி திரும்பவே திரும்பாது."

"இதை அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா, பொறாமையில சொல்றேம்பார். அதுவும் ஒரு இரும்பு மேல." கரண்டியை என் கையில் கொடுத்தாள். "வாயால சொல்ல வரலைன்னா கையால செஞ்சு காட்டு, விஞ்ஞானி."

கரண்டியைத் துடைத்தபடி யோசித்தேன். செவலை பட்டறையில் எஞ்சின் இல்லாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. அந்தக் காலி இடத்தில் எட்டு சிலிண்டரின் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பிறகு சில மூட்டைகளை இறக்கி, டர்போவின் எடைக்குக் குறைத்து ஓட்டலாம். ஓட எஞ்சின் வேண்டாம். பட்டறைக்குப் பின்னால் கிடங்குகளுக்கு இடையே சரிவான பாதை இருக்கிறது. கீழே ஒரு வளைவு, அதைத் தாண்டினால் சமதளமான முற்றம்.

வண்டி திரும்பாவிட்டால் எட்டை விட்டுவிடுவதாக அண்ணனும் ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கிடங்குகள் பூட்டியிருந்தன. பலகை போட்டு, எட்டு சிலிண்டரின் எடைக்கு மூட்டைகளை அடுக்கி, கயிறால் இறுக்கினோம். செவலை மூக்கைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டது. ரேடியோ வளைவின் வெளிப்பக்கம் பழைய டயர்களைக் குவித்துவைத்தார். மணல் ஈரமாக இருந்தால் கணக்கு மாறுமே என்று, நான் காய்ந்த மணலாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அவ்வளவு யோசித்திருந்தேன்.

அண்ணன் ஏறி உட்கார்ந்தான். ஹேண்ட் பிரேக்கை விட்டான். கார் சத்தமே இல்லாமல் உருண்டது. பாதி வழி போனதும் உள்ளேயிருந்து, "பிரேக் பிடிக்கலை! பிரேக் பிடிக்கலை!" என்று ஓர் அலறல். வளைவு இடப்பக்கம் திரும்பியது. செவலை திரும்பவில்லை. நேராகப் போய் டயர்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"எட்டு சிலிண்டர் சத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி.

நாங்கள் ஓடிப் போனோம். அண்ணனுக்கு ஒன்றுமில்லை. ஒரு டயர் மட்டும் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு எதுக்குடா வெச்சிருக்கு?" என்றார் ரேடியோ.

"பெடல் கல்லு மாதிரி நிக்குதுடா!"

ரேடியோ நெற்றியில் அடித்துக்கொண்டார். நானும் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிரேக்கை லேசாக மிதித்தால் போதும் என்று ஆக்குவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசை. எஞ்சின் இல்லையென்றால் அந்த உதவியும் இல்லை. பலம் முழுவதையும் காலே கொடுக்க வேண்டும். இது அண்ணனுக்குத் தெரியும், ரேடியோவுக்குத் தெரியும், இயற்பியல் படித்த எனக்கும் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து மறந்திருந்தோம்.

"மூளைக்கு மணல் மூட்டை போதும்னு நினைச்சீங்களா?" என்று அண்ணி பொதுவாகக் கேட்டாள்.

அண்ணன் டயர் குவியலிலிருந்து வெளியே வந்ததுமே கட்சி மாறிவிட்டான். "பிரேக் இல்லாததாலதான் நேரா போச்சு. வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ரேடியோ, எட்டையே எடுத்து வை."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பிரேக்கை நம்பிப் போய்ப் பயந்தவனை வைத்து எடையைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ரேடியோ தார்ப்பாய் இருந்த பக்கம் நடக்க ஆரம்பித்தார். அவர் கையை அதில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஏரிக்கரைச் சாலை அவ்வளவுதான்.

"நான் ஓட்டறேன்," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வெயிட்டுலயும் நானே ஓட்டறேன். பிரேக்கை வளைவு தாண்டற வரைக்கும் தொடவே மாட்டேன். நீ பக்கத்துல உக்காரு."

ரேடியோவின் ஜீப் செவலையைக் கட்டி இழுத்து மேலே கொண்டுவந்தது. முதலில் அதே கனத்தோடு, சரிவில் அண்ணன் புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழேயிருந்து புறப்பட்டேன், வேகம் குறைவாக இருக்கட்டும் என்று. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் கொஞ்சம் யோசித்தது. பிறகு வெளிப்பக்கமாகவே சறுக்கிப் போய், டயர் குவியலை உரசிக்கொண்டு முற்றத்துக்கு வந்தது. அண்ணன் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

மூட்டைகளை இறக்கினோம். டர்போவின் எடை மட்டும் மிஞ்சியது. அதே இடத்திலிருந்து மறுபடியும் உருண்டோம். வளைவு வந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியதுமே செவலை உள்பக்கம் சாய்ந்து, சுவரோரமாகவே வழுக்கிக்கொண்டு போனது. பழைய செவலை.

"ஓ," என்றான் அண்ணன். அவன் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

கார் முற்றத்தில் நின்ற பிறகும் நாங்கள் இறங்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்கு எட்டு வேணாம். எனக்கு இது திரும்பணும். சாயங்காலம் ஏரிக்கரையில இதை ஓட்டறதுதான் எனக்கு… அது மட்டும்தான் இருக்கு."

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"எனக்கு, எனக்கு, எனக்கு. மூணு தடவை சொல்லிட்டே," என்றான். "இத்தனை வருஷமா இதெல்லாம் எங்க வெச்சிருந்தே?"

"நீ ஒரு தடவைக்கு மேல கேட்டதில்லை."

அவன் தலையை வெளியே நீட்டி, "ரேடியோ! தார்ப்பாயைப் போட்டு மூடுடா! டர்போவை எடு!" என்று கத்தினான். குரலில் துக்கம் இருந்தது. ரேடியோ எட்டு சிலிண்டரைப் போர்த்திய விதத்தைப் பார்த்தால் அவருக்கும் இருந்தது போலத்தான் தெரிந்தது.

டர்போ ஏறி, முதல் ஓட்டத்துக்குக் கிளம்பிய அன்று சாவியை அண்ணனே என்னிடம் நீட்டினான். அண்ணி பின்சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தான். எஞ்சின் ஒழுங்காக முனகியது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. எட்டு சிலிண்டர் எப்படி உறுமியிருக்கும் என்று வாயாலேயே செய்து காட்டினான். எச்சில் டாஷ்போர்டில் தெறித்தது.

"எந்த வழியா போலாம்?" என்று கேட்டேன்.

"எதுனாலும் சரி," என்றான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

பின்சீட்டில் அண்ணி சிரிப்பை அடக்குவது கேட்டது. ஏரிக்கரைப் பக்கம் திருப்பினேன்.