எல்லாருக்கும் ஒரே கமாண்ட்

"உங்க கமாண்ட்லதான் ஏதோ தப்பு" என்று லோகநாதன் சார் வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னபோது மெஹ்னாஸ் அதை அப்படியே நம்பிவிட்டாள். அவள் சுபாவம் அது. பின்னால் யாராவது ஹாரன் அடித்தாலே தான்தான் குறுக்கே வந்துவிட்டோமோ என்று ஒதுங்குகிறவள்.

மேற்குத் தாம்பரத்தில் மாலை நேர ஜாவா வகுப்பு. 2004ஆம் வருடத்தின் கடைசி புராஜெக்ட், சிட்லபாக்கத்துப் பல் டாக்டர் ஒருவருக்கு வெப்பில் டோக்கன் பதிவு. ஹரிபிரசாத்தும் அவளும் ஜோடி. வெப் பக்கத்தில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அந்த வேலையைச் செய்ய ஒரு சின்ன புரோகிராம், அதுதான் கமாண்ட்: பதிய ஒன்று, ரத்து செய்ய ஒன்று, தேதி மாற்ற ஒன்று. அப்படி மொத்தம் ஏழு கமாண்டையும் எழுதியவள் அவள். உரிய கமாண்டைக் கூப்பிடுகிற நடுப்பகுதி அவனுடையது. கமாண்ட் நோயாளியின் பெயரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும் என்று முதல் வாரமே பேசி முடித்திருந்தார்கள்.

டெமோவில் சார் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் இரண்டு நோயாளிகளின் பெயரைப் பதியச் சொன்னார். ரத்தினபாயின் டோக்கனில் அந்தோணிசாமியின் பெயர் வந்தது. வகுப்பே சிரித்தது. பெயரை வைத்திருப்பது கமாண்ட்தானே என்று சார் அவளைக் கைகாட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலைக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் மெஹ்னாஸ் பெயர் இருக்காது என்றார் சார். அவள் பெயர் மட்டும்.

இரண்டு நாள் ஊரப்பாக்கத்திலிருந்து வரும் ரயிலில் ஏழு கமாண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக டிக் அடித்தாள். தப்பு இல்லை. ஹரியின் ஃபைலைத் திறந்தால் அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று அதுவரை திறக்கவே இல்லை. வியாழக்கிழமை வகுப்பில் திறந்தாள்.

ஆரம்பத்திலேயே ஏழு கமாண்டை உருவாக்கி வைத்துக்கொண்டு, வருகிற எல்லாருக்கும் அதையே எடுத்துக் கொடுத்திருந்தான். ஒருவர் நிரப்பிக்கொண்டிருக்கும் படிவத்தின் மேலேயே அடுத்தவரும் எழுதுகிற கதை.

"இதை எப்ப மாத்தினே?"

"டெமோக்கு மொத நாள். ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாக்கினா மெமரி வேஸ்ட்டுன்னு... பெரிய ஆளுங்க எழுதின ஃப்ரேம்வொர்க்லயே அப்படித்தானே பண்றாங்க?"

"அவங்க கமாண்ட்டுக்குள்ள யார் பேரையும் வச்சுக்க மாட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் அப்படியே எழுதியிருப்பேன்ல?"

"விடுப்பா, ரெண்டு லைன்தானே. மாத்திடறேன். சாருக்குத் தெரிய வேணாம்."

அவளுக்குக் காது சுட்டது. "சார் என்னைத் திட்டறப்ப உன் வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சத்தம் கேட்டு சார் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அதற்குள் ஹரி அந்த இரண்டு வரியை மாற்றிவிட்டிருந்தான். "சரியாயிடுச்சுல்ல, விடும்மா. டீம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"ரிப்போர்ட்ல டிசைன் முடிவுகள்னு ஒரு பகுதி இருக்கு சார். அதுல எழுதணும். என்ன முடிவு பண்ணோம், யார் மாத்தினாங்க, எப்ப மாத்தினாங்க."

"அதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்கலேன்னா எழுதறதுல என்ன சார் கஷ்டம்?"

தன் குரலா இது என்று அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்து டைப் அடித்தாள். ஹரி மாற்றியதை எழுதினாள். அவன் பகுதியை டெமோவுக்கு முன் தான் சரிபார்க்காததையும் எழுதினாள், அதுவும் உண்மைதானே.

சார் இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். பட்டியலை எடுத்து அவள் பெயரைச் சேர்த்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

"கோவம் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டான் ஹரி.

"இல்ல" என்றாள்.