ஒரு வண்டிக்கு ஒரு பேர்

கடலூர் முதுநகரில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். காலையில் அது ஆரோக்கிய ராணியின் இட்லிக் கடை. சாயங்காலம் அதே வண்டி மங்கலத்தின் பஜ்ஜிக் கடை. துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறவன் காலையில் ராணியிடம் சாப்பிட்டுவிட்டுப் போவான். திரும்பும்போது மங்கலத்திடம் பிள்ளைகளுக்குப் போண்டா கட்டிக்கொண்டு போவான். வண்டி யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தாலும் சட்டென்று பதில் வராது. 'தானே' என்று பேர் வைத்த புயல் அடிப்பதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் தனித்தனி வண்டி இருந்தது. புயல் இரண்டையும் புரட்டிப் போட்டு நொறுக்கியது. ராணியின் வண்டியில் சக்கரமும் அச்சும் தப்பின. மங்கலத்தின் வண்டியில் பலகையும் தகரக் கூரையும் தப்பின. வெல்டிங் கடைக்காரன் தப்பியதையெல்லாம் சேர்த்து ஒரே வண்டியாக்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து காலை ஒருத்திக்கு, சாயங்காலம் ஒருத்திக்கு. எழுதிக்கொள்ளவில்லை, சாட்சி வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வழக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். கடையை முடிக்கிறவள் வண்டியைக் கழுவி, தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து, வண்டிக்கு அடியில் வைத்து, தட்டுப் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவள் தண்ணீருக்கு அலையாமல் அடுப்பைப் பற்றவைக்கலாம். இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்ட நாட்களும் உண்டு. குடம் நிறையாத நாள் இல்லை.

அப்புறம் கொரோனா வந்தது. தெருவில் நின்றால் போலீஸ் தடியை ஓங்கினான். வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். ராணியின் புருஷன் மரியலூர்து துறைமுகத்தில் லோடுமேன். அங்கேயும் வேலை இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மங்கலத்துக்குப் புருஷன் இல்லை. ஒரே பெண் வெண்மதி. சிதம்பரத்தில் நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பஜ்ஜி போட்டே மகளை இரண்டாம் வருஷம் வரை கொண்டுவந்திருந்தாள் மங்கலம். இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிவிட்டால் போதும் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கையிருப்பெல்லாம் கரைந்துபோன நேரத்தில்தான் அந்தச் சேதி வந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு அரசாங்கம் ஜாமீன் கேட்காமல் பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தடவை கூடக் கிடைக்கும்.

மேலேயிருந்து காசு இறங்கி வருகிறது என்றால் நடுவில் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். எந்த ஊரானாலும் சரி, எந்த ஆட்சியானாலும் சரி. இந்தத் தெருவில் அவன் பேர் பாலகுமார். கடனுக்குப் பேர் எழுதுகிற நகராட்சி ஆபீசில் அவனுக்கு உத்தியோகம் கிடையாது. ஆபீஸ் வாசலில் நிற்பதுதான் அவன் உத்தியோகம். எல்லோரையும் அக்கா, மாமா என்றுதான் கூப்பிடுவான். யார் வீட்டுச் சாவு என்றாலும் முன்னால் நிற்பான். அதனால் அவனை நம்பினார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவன் ராணி வீட்டு வாசலுக்கு வந்தான். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, குரலையும் இறக்கினான்.

"அக்கா, ஒரு வண்டிக்கு ஒரு பேருதான் எழுதுவாங்க. உங்க வண்டிக்கு நீங்களா, பஜ்ஜிக்கார அக்காவான்னு இன்னிக்கே சொல்லியாகணும். எனக்கு ஒரு ரெண்டாயிரம் தள்ளிடுங்க. உங்க பேர ஏத்திடுறேன். அவுங்ககிட்ட மட்டும் வாயைத் தொறக்காதீங்க."

ராணி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே போய் அரிசிப் பானையைப் பார்த்தாள். ஒரு வேளைக்குக்கூடத் தேறாது. சக்கரமும் அச்சும் என்னுடையதுதானே என்று நினைத்தாள். சக்கரம் இல்லாமல் வண்டி ஏது? காசு வந்ததும் மங்கலத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தாள். மனசு ஒன்றைச் செய்வதென்று முடிவு கட்டிவிட்டால் அதற்கு நியாயத்தையும் அதுவே தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடும். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து, அவன் கேட்டதைக் கொடுத்தாள். தார்ப்பாயை விலக்கி, வண்டிக்கு முன்னால் அவளை நிற்கவைத்து பாலகுமார் போட்டோ எடுத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து மங்கலம் வந்தாள். "ராணி, உங்கிட்ட ஒரு சேதி பேசணும்" என்று தெருவிலிருந்தே கூப்பிட்டாள். ராணிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கிட்ட வராதக்கா, எனக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றாள்.

அந்த நாளில் இதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. காய்ச்சல் என்று கேட்டால் பெற்ற பிள்ளையே ஒதுங்கி நின்ற காலம். மங்கலம் திரும்பிப் போனாள். ஆனால் சாயங்காலம் ஒரு தூக்கில் கபசுரக் குடிநீர் காய்ச்சி எடுத்துவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வைத்தாள். இல்லாத காய்ச்சலுக்கு அந்தக் கசப்பை ராணி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கீழே ஊற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கடன் வந்தது. ஊரடங்கு தளர்ந்தது. ராணி அரிசியும் உளுந்தும் வாங்கி, சிலிண்டர் நிரப்பிக் கடையைத் திறந்தாள். மங்கலத்துக்கு ஒன்றும் வரவில்லை. வியாபாரிகள் கணக்கெடுப்பில் அவள் பேர் விட்டுப்போய்விட்டது, மேலிடத்து முடிவு என்று பாலகுமார் சொல்லிவிட்டான். அவள் தினவட்டிக்குக் கடன் கொடுக்கிற தண்டல்காரனிடம் வாங்கி எண்ணெய்யும் கடலைமாவும் போட்டாள். சாயங்கால வியாபாரம்தான் அப்போது படுத்துக் கிடந்தது. இருட்டுவதற்குள் கடையைக் கட்டு என்றார்கள். பலகாரத்தைத் தொட ஜனங்கள் பயந்தார்கள். தண்டல்காரன் மட்டும் பயப்படாமல் தினம் வந்து வண்டியோரம் நின்றான். நாலு பேர் பார்க்க அவன் பேசிய பேச்சை எழுதக் கூடாது.

கொஞ்சம் கொடுக்கலாம் என்று நினைத்திருந்த ராணி கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏது என்று கேட்பாளே. மாதாகோயில் அப்போது மூடிக் கிடந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போக வேண்டியதில்லை என்பது அவளுக்கு ஒரு நிம்மதியாகவே இருந்தது.

மங்கலம் தினமும் கடையைக் கட்டும்போது குடத்தை நிறைத்துவைத்தாள். தண்டல்காரன் திட்டிய நாளிலும் நிறைத்தாள்.

ஒருநாள் விடிகாலையில் ராணி வண்டிக்கு அடியில் குனிந்தாள். குடம் காய்ந்து கிடந்தது. தட்டை எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. மங்கலம் ஊரில் இல்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீட்டுக்கு ஓடினாள். பூட்டிக் கிடந்தது. சிதம்பரத்துக்கு மகளிடம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ராணி கடனைக் கட்டி முடித்தாள். அடுத்த கடனைக் கேட்க இந்த முறை பாலகுமாரைத் தேடவில்லை, நேராக ஆபீசுக்கே போனாள். அவனுக்கு அழுவதற்கு இனிமேல் கம்மல் இல்லை. அங்கே அன்பரசு என்று ஒரு கிளார்க் இருந்தான். ரயிலேற வரும்போது அவள் வண்டியில் சாப்பிட்டிருக்கிறான். ஆளை அடையாளம் கண்டுகொண்டு, அந்த வண்டியில் சாயங்காலம் பஜ்ஜி போடுகிற அம்மா கடன் கேட்டு ஏன் வரவேயில்லை என்று கேட்டான்.

ராணி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வண்டிக்கு ஒரு பேருதானே சார்" என்றாள்.

"யாரும்மா சொன்னது? கடன் வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. கணக்கெடுப்புல விட்டுப்போனவங்களுக்குத் தனியா பரிந்துரைக் கடிதமே குடுத்தோமே. அவுங்க வந்து கேட்டிருந்தா அவுங்களுக்கும் கெடச்சிருக்கும்."

அந்த ஆபீஸ் வராந்தாவில் ராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்திக்குத்தான் என்று நினைத்துத்தானே மங்கலத்தின் வாயிலிருந்து பிடுங்கினாள். பிடுங்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் இருந்தது. ஒருத்திக்குத்தான் என்று சொன்னால்தானே அவனுக்குக் காசு.

மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினாள். பஸ் நிலையத்தில் விசாரித்து விசாரித்து, ஒரு மெஸ்ஸின் கொல்லைப்புறத்தில் மங்கலத்தைக் கண்டுபிடித்தாள். மங்கலம் சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை விரல்களெல்லாம் சேற்றுப்புண் மாதிரி வெளுத்து வெடித்திருந்தன. வெண்மதி படிப்பை விட்டுவிட்டாள். நர்சுக்கு ஊர் முழுக்க ஆள் தேடிய அந்த வருஷத்தில், நர்சுக்குப் படித்த பெண் துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

ராணி எதையும் ஒளிக்கவில்லை. கம்மலை அடகு வைத்தது, போட்டோவுக்கு நின்றது, வராத காய்ச்சல், கிளார்க் சொன்னது எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். மங்கலம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உனக்கு முன்னாடி எங்கிட்டதான் வந்தான்" என்றாள். "ரெண்டு பேரு வண்டி தம்பி, ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் சொல்லுவோம்னு அனுப்பிட்டேன். அதப் பேசத்தான் உன் வாசலுக்கு வந்தேன். நீ காய்ச்சல்னு சொல்லிட்ட."

ராணிக்கு அழுகை வந்தது. மங்கலத்துக்கு வரவில்லை.

"அன்னிக்குக் கதவத் தொறந்து இப்பிடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஆபீசுக்கே போயி என்னா ஏதுன்னு கேட்டிருப்போம். அஞ்சு நிமிசத்துல அவன் பொய் வெளிய வந்திருக்கும். லஞ்சம் குடுத்தவளால எப்பிடி வெளிய சொல்ல முடியும்? அது அவனுக்குத் தெரியும். அவன் உன் காசையா வாங்கினான்? உன் வாயையில்ல வாங்கிட்டான்."

அடுத்த கடனில் பாதியைத் தருகிறேன், வந்துவிடு அக்கா, கடிதம் இப்போதும் கேட்கலாம் என்று ராணி கையைப் பிடித்தாள். மங்கலம் கையை உருவிக்கொண்டாள். தண்டல்காரனுக்குக் கொடுத்துத் தீரவில்லை, அந்தத் தெருவில் அவள் கால் வைக்க முடியாது. வந்தாலும் வெண்மதியின் படிப்பு வரப்போவதில்லை. "நீ கெளம்பு. மொதலாளி வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி அண்டாவுக்குள் குனிந்தாள். கோபமாகத் திட்டியிருந்தால்கூட ராணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வண்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டு வியாபாரிகள் கூடியிருந்தார்கள். பாலகுமார் வந்திருந்தான். புதுசாகக் கடன் முகாம் போடப்போகிறார்களாம். ஒவ்வொருவராகத் தனியே தள்ளிக்கொண்டுபோய்ப் பேசிக்கொண்டிருந்தான். பூக்கார லோகநாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் நாத்தனாரும் ஒரே இடத்தில் கூடை வைத்துப் பூக் கட்டுகிறவர்கள்.

ராணி இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "லோகு, ஒரு எடத்துக்கு ஒரு பேருதான், நாத்தனாகிட்ட சொல்லாதன்னு சொன்னானா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். முடிச்சில் இருந்த லோகநாயகியின் கை நின்றுவிட்டது.

பாலகுமார் சிரித்துக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு வாங்கிக் குடுத்தவனே நான்தான். மறந்துட்டீங்களா?" என்றான்.

"மறக்கல. நான் குடுத்தேன், நீ வாங்கினே. ஊரறியச் சொல்றேன், அது திருட்டு. நீ பாதி, நான் பாதி." ராணி கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆளாளுக்குத் தனித்தனியா உண்டுங்க. எனக்கு மட்டும் கெடைக்கணும்னு நெனச்சு மறைச்சேன், மங்கலம் அக்காவ அண்டா கழுவ வச்சிட்டேன்."

பாலகுமார் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரிடமோ சொன்னான். இரண்டு மூன்று பேர் அவனோடுதான் நடந்தார்கள். அப்படித்தான் நடப்பார்கள். லோகநாயகி மட்டும் முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாத்தனாரைக் கூட்டிவரப் போனாள்.

போகிறவளைப் பார்த்து ராணி சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்தே போங்க. சர்க்கார் குடுக்கறத நேராப் போயி, நாலு பேரு பாக்கக் கேளுங்க. அடுத்தவளுக்குத் தெரியாம வாங்கினா அது உதவி இல்ல. அவ வயித்துல அடிச்ச காசு."