மூன்று வருஷப் படிப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கல்லூரிகளைப் பற்றி என்ன தெரியும்? தபால் வழியில் இயற்கை மருத்துவம் சொல்லித்தர இத்தனை பேர் கடை விரித்திருக்கிறார்கள் என்பதே அவனுக்குப் போன மாதம்தான் தெரிந்தது. மனைவி கட்டிலில் சாய்ந்தபடியே ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டு விசாரித்தாள். வந்து சேர்ந்த விவரப் புத்தகங்கள் மாத்திரை டப்பாக்களை ஓரம் தள்ளிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டன.

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். யாருக்குக் கால் வீங்கினாலும் வெந்நீரோடு போய் நிற்பாள். தூக்கம் வராதவர்களைப் பிடித்து வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். கேலியாக வைத்த பெயர்தான், ஆனாலும் அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. தன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது மட்டும் மறுபேச்சுப் பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "கட்டிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்கார நான் என்ன பைத்தியமா?" என்று அவளே சொன்னாள். உடம்பு தேறியதும் முறையாகப் படிக்க வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், தெருப் பக்கத்து அறையில் நாலு பேருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததில்லை.

தேறாது என்று டாக்டர் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த வருஷத்தைப் பார்ப்போம். அடுத்த வருஷத்தைப் பத்தி இப்பப் பேச வேண்டாம்." அவன் அதை மென்று விழுங்கிவிட்டு, உள்ளே போய் அவளிடம், "மருந்து நல்லா வேலை செய்யுதாம்" என்றான். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை இளைக்க வைத்துவிட்டது என்று அவள் அவனுடைய முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று கல்லூரியை முடிவு செய்துவிட வேண்டும் என்று அவள் சொன்னதால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். கை கழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்ததும் ஒரு புத்தகத்தை அவன் மடியில் எறிந்தாள்.

"இதைக் குப்பையில போடுங்க. சளிக்கும் வழுக்கைக்கும் ஒரே மருந்தாம். படிச்சு முடிச்சா உலகத்துல எந்த நோயையும் விரட்டிடலாமாம்."

"வழுக்கைப் பாடத்தை மட்டும் கிழிச்சு வச்சுக்கவா?" என்று அவன் தலையைத் தடவிக்கொண்டான்.

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மிச்சமிருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"இது மூணு வருஷம். உடம்பு எப்படி வேலை செய்யுதுங்கிறதுல ஆரம்பிச்சு, நோயாளியை எப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும்ங்கிறது வரைக்கும் சொல்லித்தர்றாங்க. பரீட்சை கடுசாம். முடிச்சா அறையைத் திறந்துடலாம். இன்னொண்ணு ஆறு மாசம். அதை வச்சு வீட்டு ஆளுங்களுக்குத்தான் பார்க்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் ஏற்கெனவே முடிவு பண்ணி வைத்திருந்தான். ஒரு சான்றிதழையாவது அவள் கையில் பார்த்துவிட வேண்டும்.

"ஆறு மாசமே போதும்."

"ஏன்?"

"எதுக்கு வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு? சட்டுன்னு படிச்சு முடிச்சுடலாம்ல."

அவள் புத்தகத்தை மூடினாள். இவனை அவளுக்குத் தெரியாதா? லிஃப்டின் கம்பி வடம் லேசாக நைந்திருந்தாலே முழு வடத்தையும் மாற்றாமல் ஓட விடமாட்டான். நாற்காலி வாங்கப் போனால், எத்தனை வருஷம் வரும் என்று குடைந்தே கடைக்காரன் உயிரை எடுத்துவிடுவான்.

"நாற்காலி இருபது வருஷம் வரணும்னு சண்டை போட்ட ஆளு நீங்க. எனக்கு ஆறு மாசம் போதும்ங்கறீங்க."

அவன் மடியில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னான். ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொன்னான்.

"என் உடம்பு! எல்லாரையும் விட எனக்குத்தான் கடைசியாத் தெரியணுமா?" என்றாள். அவன் "உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்?" என்று அவள் மடியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் வெகுநேரம் அவனைத் தொடவே இல்லை. அப்புறம் தலையில் கை வைத்தாள்.

"மூணு வருஷத்துக்கே சேர்றேன்."

"அது..."

"முடிக்க மாட்டேன். புரியுது. அதுக்காக வேண்டாததைப் படிச்சு முடிச்சு நான் என்ன பண்ண? பிடிச்சதைப் படிக்கிறேன். போற வரைக்கும் போகட்டும்."

கல்லூரிக்கு அவளே போன் போட்டாள். எடுத்த பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். பெயர், முகவரி எல்லாம் கேட்டுக்கொண்டு, "அடுத்த வகுப்பு நாலு மாசம் கழிச்சு ஆரம்பிக்குதும்மா" என்றாள்.

"கொஞ்சம் முன்னாடி முடியாதாம்மா? முதல் பாடத்தையாவது அனுப்பிடுங்களேன்."

அந்தப் பெண் சிரித்தாள். நல்ல மனசோடுதான் சிரித்தாள். "இவ்வளவு ஆர்வமா! எல்லாரும் சேர்ந்துதாம்மா ஆரம்பிக்கணும். எதுக்கு அவசரம்? உங்களுக்குத்தான் நேரம் நிறைய இருக்கே."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் உடைந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனை அவனிடம் நீட்டினாள். அவன்தான் வாங்கி, "சரிங்க, காத்திருக்கோம்" என்றான்.