லொறிக்கு மேலிருந்து எடுத்த படம்

றிஸானா ஓட்டமாவடியில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவள். பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் கமெராவோடு போக முடியாத வீடுகள் அங்கே நிறைய. அதனால் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. கார்த்திகை மழையில் மட்டும் கை சும்மா இருக்கும். அந்த வருடம் வாவி பெருகி ஊர்களுக்குள் வெள்ளம் ஏறியபோது, நிவாரணக் குழு ஒன்றை நடத்திய நளீர் அவளைக் கூப்பிட்டார்.

"பனிச்சங்கேணிக்குச் சாமான் கொண்டுபோறம் தங்கச்சி. ஒரு வீடியோ எடுத்துத் தாங்க. வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள் பார்த்தாத்தான் மறுகாவும் உதவி வரும்."

பனிச்சங்கேணியில் கீழே இறங்கி நிற்க இடமில்லை. லொறிக்கு மேல் அரிசி மூட்டைகளில் ஏறி நின்றே எடுத்தாள். கீழே நூறு பேருக்கு மேல் இருக்கும். அத்தனை முகமும் அண்ணாந்து பார்த்தது. அத்தனை கையும் விரிந்திருந்தது. நடுவில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் இரண்டு கையையும் உயர்த்தி நின்றாள். றிஸானா அவள் முகத்தை மட்டும் கமெராவில் கிட்ட இழுத்துப் பிடித்தாள். கன்னத்தில் வழிந்த மழை கண்ணீர் போலவே இருந்தது. நல்ல ஷொட் என்று அந்த நேரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதையே கடைசியில் வைத்து, மெதுவாக ஓடவிட்டு, ஒரு புல்லாங்குழலையும் சேர்த்துக் கொடுத்தாள். மூன்றே நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

நான்காம் நாள் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நீங்களா அந்த வீடியோவ எடுத்த?"

"ஓம், நீங்க ஆரு?"

"அதில வாற சிவத்த சட்டை. செசீலியா என்ட பேர்." குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் கூட இருந்தது. "நான் அழல்ல புள்ள. அது மழைத் தண்ணி. கையத் தூக்கினது எனக்கெண்டு கேட்டு இல்ல. எனக்குப் பின்னால ஏலாத வயசான மனுசன் ஒருத்தர் நிண்டவர். லொறியில இருந்து போடுற மூட்டை அவருக்கு மேல விழுந்திரும் எண்டு நான் ஏந்தினன். இப்ப கட்டாரில இரிக்கிற என்ட தம்பி கோல் எடுத்து, 'அக்கா, கையேந்துற அளவுக்கா வந்திட்டாய், எனக்கு ஏன் சொல்லல்ல' எண்டு அழுறான்."

றிஸானா போனை வைத்துவிட்டு, எடுத்ததையெல்லாம் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். அவள் வெட்டிய இடத்துக்கு ஐந்து விநாடி பிந்தி, செசீலியா மூட்டையைத் தோளில் வாங்கித் திரும்பிப் பின்னால் நின்ற முதியவரிடம் நடந்தாள். எல்லாம் பதிவாகியிருந்தது. அதை வெட்டி எறிந்தவள் றிஸானாவேதான். முகத்தைக் கிட்ட இழுத்தபோது முதியவரும் படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்.

மறுநாள் நளீரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஐந்து நாளாகச் சரியாக நித்திரை கொள்ளாதவர்.

"அழுற முகத்தப் பார்த்தாத்தானே தங்கச்சி மனசு இளகுது. சும்மா நிக்கிற ஆளுக்கு ஆரு உதவி அனுப்புவாங்க?"

"அவ அழல்ல நளீர் நானா. நான்தான் அழ வச்ச. அத அழிச்சிருங்க. வேற ஒண்டு தாறன்."

நளீர் சரி என்று தலையாட்டினார்.

பஸ் ஏறிப் பனிச்சங்கேணிக்குப் போனபோது செசீலியா வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைக் கழுத்தில் தொங்கிய ஓலைப் பறியில் போட்டாள். அவள் கரையேறும்போது, செய்த பிழைக்கு ஈடு செய்கிற வேகத்தில் றிஸானா மணலில் குந்தி, கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்தாள். பின்னால் முழு வானம். செசீலியா வந்து கமெராவில் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதென்னகா, கோயில்ல வச்ச மாதா சுருவம் மாதிரி! நான் இறாலெல்லோ பிடிக்கிறன்."

றிஸானாவுக்கும் சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றி வைத்தாள். அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளோடு தண்ணீருக்குள் இறங்கினாள். கால் சேற்றில் புதைந்தது. கமெராவை நெஞ்சுக்கு மேல் தூக்கி, செசீலியாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். இப்போது அவள் சின்னவளாகவும் தெரியவில்லை, பெரியவளாகவும் தெரியவில்லை. எதிரே நின்று பேசுகிற ஒரு மனுஷியாகத் தெரிந்தாள். அப்படி நின்றதாலோ என்னவோ செசீலியா பேசத் தொடங்கினாள்.

"அரிசி இப்ப காணும், வீட்டில கிடக்கு. எங்கட ஊர் ஜெயந்தன்ட தோணி உடைஞ்சு கிடக்கு, அவனுக்குப் பலகை வேணும். எட்டு வீட்டில வலை வெள்ளத்தோட போயிட்டு. அதத் தந்தா நாங்க தொழிலப் பார்ப்பம்."

றிஸானா ஒரு இடத்திலும் வெட்டவில்லை. புல்லாங்குழலும் போடவில்லை. ஆறாயிரம் பேர்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் வாழைச்சேனையில் மரமும் பலகையும் விற்கும் மரக்காலை வைத்திருந்தவர். பலகைகளை அவரே ஏற்றி அனுப்பினார். வலை வாங்கிக் கொடுக்க நளீர் ஆள் பிடித்தார். செசீலியாவின் தம்பி பார்த்துவிட்டு இறால் கருவாடு அனுப்பச் சொன்னானாம். பழைய வீடியோவை நளீர் அழித்துவிட்டாலும், அதைப் பிரதி எடுத்தவர்கள் இன்னும் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது றிஸானாவுக்கு இன்றைக்கும் உறுத்தல்.

மாசியில் ஜெயந்தன் தோணியை வாவிக்குள் இறக்கினான். அன்று றிஸானாவுக்கு ஏறாவூரில் ஒரு கலியாணம், போக முடியவில்லை. செசீலியாவே தன் போனில் எடுத்து அனுப்பியிருந்தாள். கை ஆடியிருந்தது. பாதி வானமும் பாதி விரலுமாகக் கிடந்தது. "தள்ளுங்கடா, தள்ளுங்க" என்று அவள் போடும் சத்தம்தான் முழுக்கக் கேட்டது. மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்தும் அறையின் மூலையில் நின்று றிஸானா அதை மூன்று தரம் பார்த்தாள்.