சரிபார்த்தவர்

அந்த டிராயிங் ஆபீஸில் அவளுக்கு டாக்டர் என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. வைத்தவர்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம், கொஞ்சம் எரிச்சல், இரண்டையும்விட அதிகமாக அவளுடைய தேவை. கம்ப்யூட்டரில் வரைகிற படத்துக்கு என்ன கோளாறு வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தால் கோளாறு தீரும். கூடவே மானமும் போகும்.

"டாக்டரே, சுவரெல்லாம் காணாமப் போச்சு" என்று ஒருவன் வருவான். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "சுவர் இருக்கிற லேயரை அணைச்சு வச்சிருப்ப. பக்கத்துல பல்பு படம் இருக்கும், அதைத் தட்டு. சுவருக்குக் கால் முளைச்சு ஓடாது."

எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது என்று இன்னொருத்தி வருவாள். "அனுப்பினவங்ககிட்ட இருக்கிற ஃபான்ட் உன்கிட்ட இல்ல, கேட்டு வாங்கிப் போடு. இத்தனை கேள்விக்குறியைப் பார்த்தும் யாரையாவது கேக்கணும்னு தோணலையா உனக்கு?" நிறம் நிரப்பினால் நிரம்பவில்லை என்று வருபவனுக்கு, மூலையில் இரண்டு கோடும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதைப் பெரிதாக்கிக் காட்டுவாள். "ஓட்டை வாளில தண்ணி பிடிக்கிற ஆளு நீ" என்பாள். வட்டம் பல் பல்லாகத் தெரிகிறது என்று பதறி வந்த மூத்த வரைவாளருக்கும் சலுகை கிடையாது. "வட்டம் நல்லாத்தான் இருக்கு. திரையை ஒருதடவை ரீஜென் பண்ணுங்க, புதுசா வரைஞ்சு காட்டும். கண்ணாடியையும் துடைங்க."

பிரிண்டருக்கு மேலே அவள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். 'கத்துவதற்கு முன் இரண்டு தடவை எஸ்கேப் பட்டனை அழுத்தவும்.' யாரோ அதற்கு மீசை வரைந்திருந்தார்கள். அந்த மீசைகூடக் கோணலாக இருந்தது அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

இதையெல்லாம் அவள் ஒருவிதத்தில் பொறுத்துக்கொண்டாள். முட்டாள்தனத்துக்கு மருந்து உண்டு. அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று, அளவின் மேல் கையால் எழுதுவது. படத்தில் ஒரு கோட்டைக் காட்டி அளவு கேட்டால் மென்பொருள் தானே அளந்து எண்ணைப் போடும். கோட்டை நீட்டினால் எண்ணும் கூடவே மாறும். ஆனால் அந்த எண்ணை இரண்டு முறை தட்டி, நமக்குப் பிடித்த எண்ணை அதன் மேல் எழுதவும் அது இடம் கொடுக்கிறது. எழுதினால் கோடு பழைய நீளத்திலேயே கிடக்கும். எண் மட்டும் பார்ப்பவர் காதில் பூச்சுற்றும்.

இந்த வித்தையில் கரைகண்டவன் தம்பியார். ஆபீஸ் முதலாளியின் உடன்பிறந்த தம்பி என்பதால் அந்தப் பட்டம். வேறு பட்டம் எதுவும் அவனிடம் இருப்பதாக அவள் நம்பவில்லை. வாடிக்கையாளர் அறையை அகலமாக்கச் சொன்னால் மற்றவர்கள் சுவரை நகர்த்துவார்கள். தம்பியார் எண்ணை நகர்த்துவான். "அளவு வரலைன்னா எழுதிட வேண்டியதுதானே" என்று சிரிப்பான். அவன் முடித்த ஒவ்வொரு படத்தையும் அவள் வாங்கி, ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்து, பொய்களைப் பொறுக்கி எடுத்து, கோடுகளைத் திரும்ப வரைந்து தருவாள். அவன் அதை அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டி நல்ல பெயர் வாங்குவான்.

அந்த அண்ணன் அவளுக்கு அக்கா வீட்டுக்காரர். வீட்டில் மாமா, ஆபீஸில் சார். இந்த எல்லைக்கோட்டை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை.

ஆபீஸில் தலைமை வரைவாளர் வேலையை விட்டுப் போனதிலிருந்து கண்ணாடி அறையின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்கு அது வேண்டும். வேண்டும் என்றால் சும்மா இல்லை, அதைக் கடக்கும்போதெல்லாம் நடை தானாக மெதுவாகும் அளவுக்கு வேண்டும். போட்டிக்கு இருந்தது தம்பியார் ஒருவன்தான். புதிதாகக் கட்டுகிற ஒரு பல் மருத்துவமனைக்காகத் தம்பியார் வரைகிற இரும்புப் படிக்கட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் முடிவு சொல்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இரண்டு பேருமாகத் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சீட் உனக்குத்தான்னு அவர் மனசுல இருக்கு" என்றாள் அக்கா. "ஆனா தயங்குறார். உன்கிட்ட வேலை செய்யறவங்க யாரும் வாயைத் திறக்கப் பயப்படுவாங்களாம்."

"வாயைத் திறந்தா உளறல்தானே வருது."

"பாரு, இதைத்தான் சொல்றார். ஒருதடவையாவது 'எனக்குத் தெரியல, கவனிக்கல'ன்னு சொல்லிப் பாரேன். ஒண்ணும் முழுகிப் போயிடாது."

"கவனிச்சிருந்தா எப்படிக்கா கவனிக்கலன்னு சொல்றது?"

அக்கா தலையணை உறையை உதறி அவள் மேல் போட்டாள். பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த வாரமே படிக்கட்டுப் படம் அவள் மேஜைக்கு வந்தது. தம்பியாரே கொண்டுவந்தான். "கொஞ்சம் பாத்துக் கையெழுத்துப் போட்டுடுங்க டாக்டரே. வெல்டிங் பட்டறையில இன்னிக்கே கேக்கறாங்க." சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து போன் பேச ஆரம்பித்தான். கால் மேல் கால் வேறு.

மருத்துவமனைக்காரர் மாடியின் உயரத்தைச் சற்றுக் கூட்டியிருந்தார். மூவாயிரத்து அறுபது மில்லிமீட்டர், மூவாயிரத்து இருநூற்று நாற்பது ஆகியிருந்தது. ஒரு படி கூட வேண்டும். எல்லாப் படிகளையும் திரும்பப் பங்கிட வேண்டும். படத்தில் புதிய எண் சரியாக இருந்தது. அவள் பார்த்த பார்வைக்கே படிகள் பழைய படிகள் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். கையால் எழுதியதுதான். உள்ளே பழைய அளவு சாவகாசமாகப் படுத்திருந்தது.

திருத்தக் கொஞ்ச நேரம் போதும். வழக்கமாகத் திருத்தியிருப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியார் நாற்காலியை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தான். எத்தனை நாளைக்கு இந்த அரைவேக்காட்டுக்கு முட்டுக்கொடுப்பது என்று நினைத்தாள். பட்டறையில் யாரும் எண்ணைப் படிப்பதில்லை, ஃபைலை வெட்டும் இயந்திரத்தில் போட்டால் அது கோட்டைத்தான் வெட்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். படிக்கட்டு எல்லார் கண்ணெதிரிலும் குட்டையாக நிற்கட்டும். அவன் வண்டவாளம் வெளியே வரட்டும்.

படத்தின் வலது கீழ் மூலையில் சிறிய கட்டங்கள் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி. இந்த ஆபீஸில் அவற்றை யாரும் படித்து அவள் பார்த்ததில்லை. 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகவே இருந்தது.

படிக்கட்டை நிறுத்துகிற நாளில் எல்லாரும் வந்திருந்தார்கள். பூசாத சுவர், சிமெண்டுத் தூசி, மூலையில் பிரிக்காத நோயாளி நாற்காலிகள். பட்டறை ஆட்கள் சங்கிலி போட்டுப் படிக்கட்டைத் தூக்கி, அடியைத் தரையில் பதித்து, தலையை மாடித் தளத்தோடு சேர்க்கப் போனார்கள். சேரவில்லை. ஒரு படி உயரத்துக்குக் கீழேயே முடிந்துவிட்டது. இன்னொரு முறை அசைத்துப் பார்த்தார்கள், அசைத்தால் இரும்பு வளரும் என்பது போல.

முதலாளி காகிதத்தை விரித்தார். "இதுல சரியாத்தானே போட்டிருக்கு?"

"எண்ணெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க" என்றார் பட்டறை மேஸ்திரி. "ஃபைலை மெஷின்ல போட்டோம், கோடு போன வழியில வெட்டுச்சு. எங்க ஆளுங்க ராப்பகலா வெல்டிங் வச்சாங்க."

ஒரு வெல்டர் சிவந்த கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு நின்றான். இவர்களைப் பற்றி அவள் யோசித்திருக்கவே இல்லை. அது மட்டும் சுருக்கென்று தைத்தது.

ஆனாலும் இந்த நேரத்துக்காகத்தானே காத்திருந்தாள். "எண்ணைக் கையால எழுதியிருக்காங்க சார்" என்றாள். "கோடு பழைய அளவு."

முதலாளி தம்பியின் பக்கம் திரும்பினார். "நீயா?"

அவன் மழுப்புவான், சப்பைக்கட்டு கட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "நான்தான்ணா. அவசரம்னாங்க. டாக்டர் எப்படியும் பாத்துத் திருத்திடுவாங்கன்னு நெனச்சேன். எப்பவும் திருத்திடுவாங்களே."

அதில் கள்ளம் இல்லை. அதுதான் சனியன். முதலாளி அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொன்றையும் ருசித்துக் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவருடைய விரல் காகிதத்தின் வலது கீழ் மூலையில் வந்து நின்றது.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் மெல்ல இறங்கி, முகத்தில் ஏதோ இளகியது. "சரி விடு. கவனிக்காம விட்டுட்ட. உனக்கும் கண்ணு தப்பும்னு இப்பத்தான் பாக்கறேன். நல்லதுதான், இனிமே மத்தவங்களைக் கொஞ்சம் பாத்துத் திட்டுவ. படத்தைச் சரிபண்ணி அனுப்பு. திங்கக்கிழமை போய் அந்த சீட்ல உக்காரு."

அவ்வளவுதான். அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தலையைக் கொஞ்சம் ஆட்டினால் போதும், நாற்காலி அவளுடையது. அக்கா சொன்னபடி எதுவும் முழுகிப் போயிருக்காது.

தம்பியாரின் முகம் மலர்ந்துவிட்டது. பாரம் இறங்கிய நிம்மதியில் அவள் பக்கம் குனிந்து, ஆறுதலாகவே சொன்னான். "பரவால்ல டாக்டரே. நம்ம எல்லாருக்கும் வர்றதுதான்."

நம்ம எல்லாருக்கும். சுவரைத் தொலைத்தவன், கேள்விக்குறிக்காரி, ஓட்டை வாளிக்காரன், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து அவளுக்கும் இடம் ஒதுக்கித் தருவது போலிருந்தது. நடுவில் தம்பியார் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கூப்பிடுகிறான். அவள் ஓரடி விலகி நின்றாள்.

"பாத்தேன்" என்றாள்.

"என்னது?"

"கவனிக்காம எல்லாம் விடல மாமா. பாத்தேன். எண்ணு பொய்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

ஆபீஸ் ஆட்கள் முன்னால் அவரை மாமா என்று அழைத்ததே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே சங்கிலி கிரீச்சிட்டது. வெல்டர் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

முதலாளி காகிதத்தை நிதானமாக மடித்தார். "திங்கக்கிழமை ஆபீஸுக்கு வர வேண்டாம்" என்றார். "வீட்டுக்கு எப்ப வேணாலும் வா. உங்க அக்கா இருக்கா." மடித்த காகிதத்தைத் தம்பியின் சட்டைப் பையில் செருகினார். "புதுசா வரை. இனிமே சரிபாக்கறதும் நீதான்." வெளியே போய் மருத்துவமனைக்காரருக்கு போன் போட்டார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு குட்டைப் படிக்கட்டைச் சுற்றி வாசலுக்கு நடந்தாள். வருத்தமா, ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லவில்லை என்ற பெருமை மட்டும் விடாமல் கூடவே வந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

பின்னாலேயே தம்பியார் ஓடிவந்தான். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"டாக்டரே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். கோட்டை நீட்டினா எண்ணு தானாவே மாறிடுமா?"

ஒருத்தனைக் குத்திப் பேச அவளுடைய வாழ்நாளில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மாறிடும்" என்றாள்.