வேரமணி என்கிற ஆள்

எட்டு வருஷமாக ஒரு பௌர்ணமி தவறாமல் வேம்புலியம்மாள் புத்தர் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டிய கீற்றுக் கொட்டகைதான் சங்கம். உள்ளே ஒரு சிமெண்ட் புத்தர், மூக்கு கொஞ்சம் சப்பை. எல்லோரும் கைகூப்பி, "பாணாதிபாதா வேரமணி சிக்காபதம் சமாதியாமி" என்று சொல்லும்போது அவளும் கணீரென்று சொல்வாள். பாலி பாஷை அவளுக்கு எங்கே தெரியும்? நடுவில் வரும் வேரமணி மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. யாரோ ஒரு நல்ல மனுஷர், பெரிய பெரிய சத்தியம் செய்து காப்பாற்றியவர் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து சீலத்திலும் அவர் பேர் வருகிறதே, லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியுமா?

எழுபத்திரண்டாம் வருஷம் ஏரியில் மீன் செத்து மிதந்தது. முதலில் கெண்டை போயிற்று. பிறகு சேற்றில் கிடந்தாவது பிழைத்துக்கொள்ளும் விராலும் வயிற்றைக் காட்டியது. மாடுகள் தண்ணீரில் வாய் வைக்காமல் திரும்பின. சங்கத்தார் மூன்று மனு போட்டார்கள். கம்பெனிக் குழாயிலிருந்து விஷத் தண்ணீர் வருகிறது என்று மூன்றிலும் எழுதினார்கள். பதில் இல்லை.

சங்கத்தின் செயலாளர் ராஜசேகரன் ஆவடி டாங்க் பாக்டரியில் வேலை பார்ப்பவர். அவர்தான் ஒரு யோசனை சொன்னார். ஞாயிறுதோறும் காலையில் எல்லோரும் கரையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்தபடி உட்காருவது, யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது, பிறகு செத்த மீனைக் கையால் எடுத்துப் புதைப்பது.

"இந்த நாத்தத்துல மூச்ச கவனிச்சா மூச்சே நின்னுடும் அண்ணாத்தே" என்றான் சங்கத்துத் துலுக்கானம். ஆனாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்ததும் அவன்தான்.

வேம்புலியம்மாளும் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு மூச்சு வந்து போனது, அவளுக்குத் தொண்டையில் சிக்கியது. ஏனென்றால் அந்த விஷத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறவளே அவள்தான். அவள் வேலை பார்த்த முலாம் பட்டறையில் சைக்கிள் சாமான்களுக்கு நிக்கல் பூசுவார்கள். பகலெல்லாம் சாமான் கழுவுவாள். சாயங்காலம் தொட்டியில் கெட்டுப்போன பச்சைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய், ஏரிக்குப் போகும் வாய்க்காலில் கவிழ்ப்பாள். புருஷன் போய் ஆறு வருஷம். இரண்டு பெண்களுக்கும் சோறு அந்த வேலையில்தான் வந்தது.

கடைசியில் ஒரு வழியாக, மனுவை விசாரிக்க அதிகாரி திங்கட்கிழமை வருவதாகச் சேதி வந்தது. முதலாளி கலியமூர்த்தி அவளைக் கூப்பிட்டுப் பக்குவமாகவே சொன்னார். "கேட்டா, கை கால் கழுவுன தண்ணின்னு சொல்லும்மா. குழாயே இல்லாத எடத்துல அவங்க எதைக் கண்டுபிடிக்கப் போறாங்க?"

அதற்கு முந்தின ஞாயிறு, மீனைப் புதைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு, ராஜசேகரனிடம் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"நான் இன்னா பண்றதுண்ணே? வேரமணி அய்யா பெரிய மனுசன், சத்தியம் பண்ணாரு, காப்பாத்துனாரு. எனக்கு ரெண்டு பொண்ணு கீதே."

ராஜசேகரன் விழித்தார். "எந்த வேரமணி?"

"இன்னாண்ணே, மாசாமாசம் சொல்றோமே. பாணாதிபாதா வேரமணி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடக்கிக்கொண்டார். "அது ஆளு பேரு இல்லம்மா. வெலகி நிக்கிறதுன்னு அர்த்தம். உசுரைக் கொல்றதிலேர்ந்து நான் வெலகி நிப்பேன். அப்படி ஒரு சத்தியம்."

"நான்னா யாரு?"

"சொல்றவங்கதான். நீதான்."

வேம்புலியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷம், மாசம் தவறாமல், அதுவும் எல்லோரையும் விடச் சத்தமாக! வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் தன் சத்தியத்தை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோமே என்று தன் மேலேயே ஆத்திரப்பட்டாள்.

"வேலைய உட்டுடுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் ராஜசேகரன்.

"நீ சொல்ல வாணாம்ணே" என்று எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். கலியமூர்த்தி பின்னாலேயே இளநீரோடு நடந்தார். வாசலில் சங்கத்தார் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"மூணு மனுவிலும் குழாய்னு எழுதியிருக்கீங்க. எங்கேய்யா குழாய்? பொய் மனு போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று அதிகாரி அவர்களைப் பார்த்து அதட்டினார்.

வேம்புலியம்மாள் கழுவிக்கொண்டிருந்த சாமானைக் கீழே வைத்தாள். நாலு எட்டு முன்னால் வந்தாள்.

"கொழா நான்தான் சார்" என்றாள். "தெனம் சாயங்காலம் நான்தான் கொண்டும்போய் ஊத்துறேன். டிரம்மு அந்தாண்ட கீது. வாய்க்கா கரையில வண்டித் தடம் கீது, வந்து பாருங்க."

அதிகாரி போய்ப் பார்த்தார். பார்த்ததை எழுதிக்கொண்டார். ஜீப் கிளம்பியதும் கலியமூர்த்தி, "நாளைலேர்ந்து வராதே" என்றார். அவள் எதிர்பார்த்ததுதான். இருந்தும் அன்றைக்கு வீட்டில் பெண்களுக்குச் சோறு போடும்போது அழுதாள்.

எழுதிக்கொண்டு போன காகிதம் என்றைக்கு உத்தரவாகித் திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை காத்திருக்கச் சங்கத்தார் தயாராக இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாய்க்காலின் தலைப்பில், டிரம் கவிழ்க்கும் இடத்துக்குக் குறுக்கே வரிசையாக உட்கார்ந்தார்கள். வேம்புலியம்மாள் நடுவில் இருந்தாள். கண்ணை மூடாமல் மூச்சைக் கவனித்தாள். இந்த முறை அது சிக்காமல் வந்து போனது.

ஐந்தரைக்கு அதே கைவண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டு முனியம்மா. இவர்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இன்னாக்கா பண்ணட்டும்? ஊத்திட்டு வான்னாரு."

"உம்மேல கோவம் இல்ல முனியம்மா. நேத்து வரிக்கும் நானே ஊத்துனவதான்."

"இப்ப எங்க ஊத்தறது?"

"மொதலாளிய கேளு. அவரு ஊட்டு கெணத்துல எடம் கீதான்னு கேட்டுகினு வா. நாங்க எங்கியும் போவ மாட்டோம்."

முனியம்மா டிரம்மோடு வண்டியைத் திருப்பினாள்.