தலைவர் சொல்ல வந்த விஷயம்

தொழிற்சங்கக் கணபதி தலைவர் வாயைத் திறந்தால் மழைகூட ஒதுங்கி நின்று கேட்கும் என்று ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கிழமை மழைக்கு அவ்வளவு மரியாதை தெரிந்திருக்கவில்லை. விடாமல் ஊற்றியதில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் கடைசி லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு நீளத்துக்கு வெடித்துவிட்டது. அந்த லயத்தில் யசோதினி குடியிருந்த காம்பராவின் பின்சுவரில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. அவளுடைய அம்மா பாலம்மா அதில் பழைய சேலையைத் திணித்து, குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இருந்தாள்.

வெடித்த மேட்டிலிருந்து தள்ளி, தட்டையான நிலத்தில், புள்ளமடுவம் ஒன்று இருந்தது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஒருகாலத்தில் குழந்தைகளை விட்டுப்போன கட்டடம். இப்போது பூட்டிக் கிடந்தது. கண்டியிலிருந்து மண்சரிவு பார்க்கும் அதிகாரி வந்து ஒரு வார்த்தை சொன்னால் திறந்து தருவதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை சொல்லியிருந்தார். அதிகாரியும் வருகிறார். ஆகவே யசோதினி, தான் மருந்து விற்கும் கண்டி பாமசியில் லீவு போட்டுவிட்டு, காலையிலேயே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"தலைவரே, புள்ளமடுவத்துச் சாவி வேணும். அத மட்டும் கேளுங்க."

"அதத்தானே புள்ள நானும் சொல்ல வர்றேன்" என்றார் கணபதி.

அவளே கேட்டுவிடலாமே என்று வெளியாட்களுக்குத் தோன்றும். அது முடியாது. அதிகாரி வந்தால் தலைவர் பேசுவார், மற்றவர்கள் பின்னால் நின்று தலையாட்டுவார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. எழுதிவைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

அந்த அதிகாரி, திகனயைச் சேர்ந்த தாஸிம் சேர், ஜீப்பிலிருந்து நனைந்தபடி இறங்கினார். இன்னும் பல தோட்டம் பார்க்க வேண்டும், பாதை வேறு எந்த நேரத்திலும் மூடப்படலாம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரையடியில் கணபதி தொண்டையைச் செருமினார்.

"மதிப்புக்குரிய ஐயா அவர்களே, நான் என்ன சொல்ல வர்றேன்னா, அதாகப்பட்டது, எங்க ஆளுங்க வந்து, இந்த நாட்டுக்கு அந்தக் காலத்துல வந்து, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

தாஸிம் சேர் கடிகாரத்தைப் பார்த்தார். "செல்லுங்க தலைவர்" என்றார், சொல்லுங்க என்பதைத் தன் ஊர்ப் பேச்சில். "இனி விசயத்துக்கு வாங்களே."

"விசயத்துக்குத்தான் வர்றேன் ஐயா. அதாகப்பட்டது, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

பக்கத்துக் காம்பரா ரமேஸ் யசோதினியின் காதருகில் குனிந்தான். "தலைவரு இப்பதான் மன்னாருல கப்பலவிட்டு எறங்கியிருக்காரு. மாத்தளைக்கு நடந்து வந்து சேர விடிஞ்சிரும்."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். முன்னோர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து மலைக்கு நடந்த அந்தப் பேச்சைத் தலைவர் காதுகுத்திலும் பேசுவார், கருமாதியிலும் பேசுவார். சொல்ல வருவதே அவருக்கு உத்தியோகம். சொல்லிவிட்டால் வேலை போய்விடும். ஜீப் சாரதி என்ஜினை அணைக்காமலே காத்திருந்தான்.

யசோதினி முன்னே வந்துவிட்டாள்.

"சேர், கடைசி லயத்துக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்கு. புள்ளமடுவம் சும்மா பூட்டிக் கெடக்கு. எங்களுக்குத் தொறந்து குடுக்கச் சொல்லுங்க. இன்னைக்கே."

"ஆத்தாடி, தலைவரு பேசிக்கிட்டிருக்காரு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பாலம்மா மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

தாஸிம் சேருக்கோ முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவர் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுவாக இருக்கலாம். தொரைக்கு அழைக்கப் போனை எடுத்தவர், ஒரு மரியாதைக்குத் தலைவரைப் பார்த்தார்.

"அப்பிடித்தானே தலைவர்? செல்லிடவா?"

ஆமாம் என்றால் போதும். தலையசைத்தாலும் போதும். கணபதி வாழ்க்கையில் அவ்வளவு சின்னதாக எதையும் பேசியதில்லை. போதாக்குறைக்கு, தன் சொற்பொழிவை ஒரு பாமசிப் பெண் அரை நிமிடத்தில் முடித்துவிட்ட காயம்.

"புள்ள சொல்றது சரிதான் ஐயா. ஆனா நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

'ஆனா' என்றதும் தாஸிம் சேரின் விரல் போனிலிருந்து விலகியது. முன்பு வேறொரு தோட்டத்தில் ஒரு தரப்பைக் கேட்டுக் கட்டடம் திறந்துகொடுத்து, மறு தரப்பின் மனுவுக்குப் பதில் எழுதிக் களைத்தவர் அவர். சாரதி ஹோர்ன் அடித்தான். வளைவில் கல் விழத் தொடங்கிவிட்டதாம்.

"முதல்ல நீங்க எல்லாரும் ஒரு முடிவுக்கு வாங்க. நான் நாளைக்குக் கோல் எடுக்கிறன்."

ஜீப் போய்விட்டது. தலைவர் பேச்சுக்குக் கூட்டம் கைதட்டியது. கணபதி முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கேட்டிருப்பேனே. நடுவுல பூந்து கெடுத்துட்டியே புள்ள."

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். பாலம்மாவும்தான். "டவுன்ல வேல செஞ்சா வாயி நீண்டுருது."

யசோதினி நேராகத் தொரையின் அலுவலகமான தோட்டத்துக் கந்தோருக்கு நடந்தாள். ஜீப் போனதைத் தொரை ஜன்னலில் பார்த்திருந்தார்.

"என்ன, சேர் திறக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு."

தொரை சாவியைக் கொடுத்தார். பொய்யைச் சுருக்கமாகச் சொன்னால் எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்று அவளுக்கே கூச்சமாயிருந்தது.

பொழுது சாய்வதற்குள் கடைசி லயத்துக் குடும்பங்கள் பாயும் பானையுமாகப் புள்ளமடுவத்துக்குள் வந்துவிட்டன. எப்படித் திறந்தார்கள் என்ற கேள்விக்குக் கூட்டத்திடம் பதில் தயாராக இருந்தது.

"தலைவரு பேசின பேச்சு அப்பிடி!"

"ஐயா மனசே எளகிப்போச்சி. ஜீப்புல போறப்பவே தொரைக்குப் போன் அடிச்சிச் சொல்லியிருக்காரு."

யசோதினி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் சாவி திரும்பக் கந்தோருக்குப் போகும். சுவரில் திணித்த சேலை மட்டும்தான் மிஞ்சும். வாயை மூடிக்கொண்டாள். நாளை தாஸிம் சேர் அழைத்தால் என்ன செய்வது என்று யோசித்தபடி சாவியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள்.

கணபதி நடுவில் வந்து நின்று, நன்றியுரை என்று தொடங்கினார். ரமேஸ்கூடச் சிரிக்கவில்லை. கண்கலங்க நின்றான். சோறு வேகும் வரை உரை ஓடியது.

"கையத் தட்டு புள்ள" என்று பாலம்மா விலாவில் இடித்தாள். "ஒனக்கும் சேத்துத்தானே பேசி வாங்கிக் குடுத்திருக்காரு."

யசோதினி தட்டினாள்.